தூக்குச்சட்டியின் மூடி

தூக்குச்சட்டி நிரம்பி அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தது. அடியில் மூன்று ஆம்பிளைகள் தின்கிற சோறு, அதன்மேல் கிண்ணத்தில் மீன் குழம்பு, ஓரத்தில் சுட்ட கருவாடு. மூடி மட்டும் தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அதை எடுத்து மூட ஆளில்லை.

ஆளில்லை என்றால் வீடு காலி என்று அர்த்தமில்லை. சட்டிக்கு எதிரிலேயே பெரிய மருமகள் நின்றிருந்தாள். உலை வைத்தது, அம்மியில் மசாலா அரைத்தது, மீனுக்குச் செதில் உரசியது எல்லாம் அவள்தான். ஆனால் படகில் ஏறுகிற சோற்றுச் சட்டியைப் புருஷன் உயிரோடிருக்கிற பெண்தான் மூட வேண்டும் என்பது அந்தத் தீவில் வழக்கம். மூடுகிறவள் புருஷனை இழந்தவளாக இருந்தால் வலை வெறுமையாகத் திரும்புமாம். சமைத்தது யார் என்று கடலுக்குத் தெரியாதாம். மூடியது யார் என்று மட்டும் எப்படியோ தெரிந்துவிடுமாம்.

ஒன்பது வருஷமாக இந்த ஏற்பாட்டில் குறை ஒன்றும் வரவில்லை. பெரியவள் சமைப்பாள். சின்ன மருமகள் தூக்கம் கலையாத கண்ணோடு வந்து மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுப்பாள். சின்னவளுக்குச் சமையல் வராது. அவள் ஒருநாள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் படகின் இன்ஜின்காரர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. ஆனாலும் கைராசிக்காரி என்ற பேர் அவளுக்குத்தான்.

இப்போது அந்தச் சின்னவள் பிரசவத்துக்காக அக்கரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். புருஷனும் கூடப் போயிருந்தான். அவன் இடத்தில் படகுக்கு ஒரு கூலியாளை வைத்து, மூடி போடுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரியை வரச்சொல்லி மாமனார் சமாளித்துவந்தார். பக்கத்து வீட்டுக்காரி சும்மா வரவில்லை. தினம் ஒரு கிண்ணம் குழம்பு வாங்கிக்கொண்டு போனாள். வினை அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது. பத்து நாள் அந்தக் குழம்பைத் தின்று ருசி கண்ட அவள் புருஷன், நேற்று வீட்டுக் குழம்பைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டான். இன்று காலையில் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, இனி அந்தச் சட்டி இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று பதில் வந்தது.

மற்ற நாளாக இருந்தால் மாமனார் தெருவில் வேறு யாரையாவது தேடிப் பிடித்திருப்பார். இன்று நேரமில்லை. பெரியவளின் மகளுக்கு அக்கரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பத்து மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். பேத்தியை இறக்கிவிட்டு அப்படியே மீனுக்குப் போவதாகத் திட்டம். தகரப்பெட்டியும் தலையணையும் வாசலில் கட்டித் தயாராக இருந்தன.

பெரியவள் ஒரு வாரத்துக்கு முன்பே ஒன்று கேட்டிருந்தாள். மகள் போகிற அன்று மட்டும் படகுத்துறைவரை வந்து வழியனுப்பட்டுமா என்று. படகு கிளம்புகிற நேரத்தில் அவளைப் போன்றவர்கள் துறையில் நிற்கக்கூடாது. அவள் புருஷன் கடலில்கூடச் சாகவில்லை, காய்ச்சல் வந்து கட்டிலில்தான் போனான். ஆனாலும் ஒன்பது வருஷமாக அவள் படகைப் பார்த்ததெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியாகத்தான். அதிலும் கூரை முனைதான் தெரியும். மாமனார் கெட்ட மனுஷர் இல்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்: வாசலிலேயே வழியனுப்பிக்கொள், அழ வேண்டியதையும் இங்கேயே அழுது முடித்துவிடு.

"வெயில் ஏறுது. சோறு இல்லாமயே போவோம்" என்றார் இப்போது.

இன்ஜின்காரர் வாசற்படியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க போங்க பெரியவரே. அந்தச் சட்டி ஏறாம என் இன்ஜின் ஸ்டார்ட் ஆவாது. அது பழக்கம் அப்படி."

மாமனார் பேத்தியைப் பார்த்தார். கன்னிப் பெண்ணின் கைக்குத் தோஷமில்லை என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது. "நீ வந்து மூடும்மா."

"அம்மா ஆக்குன சோறு. அம்மாவே மூடட்டும் தாத்தா" என்றாள் அவள், தகரப்பெட்டிக்குப் பூட்டைத் தேடியபடியே.

அவர் பெருமூச்சு விட்டார். வீட்டில் எல்லாருக்கும் வாய் நீண்டுவிட்டது என்று பொதுவாகச் சுவரிடம் சொன்னார். பிறகு முட்டி சொடக்கெடுக்கக் குனிந்து தாமே மூடியை எடுத்தார். "சரி, நானே மூடிட்டுப் போறேன்."

பெரியவள் அடுப்புக் கரியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மூடுங்க மாமா. ஆனா அத்தை போய் ஆறு வருஷந்தான் ஆவுது. அவரு போய் ஒம்பதாச்சு. ஆகாத கைன்னு பாத்தா, என்னவிட உங்க கைதான் புதுசு."

இன்ஜின்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி செய்து சமாளித்தார்.

"எட்டாம் நாளே படகு ஏறுனீங்க. அன்னிக்கு வலை கிழிய மீன் விழுந்துச்சு. நான் சொல்லல மாமா, நீங்க சொன்னதுதான்."

உண்மைதான். அந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மீனின் நீளம் ஒரு சாண் கூடும். மனைவி போன எட்டாம் நாள் என்பதையும் உருக்கத்துக்காகச் சேர்த்துச் சொல்வார். அதில் இப்படி ஒரு சங்கதி ஒளிந்திருப்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தட்டுப்படவே இல்லை. ஈர வலையை ஒற்றை ஆளாக இழுக்கிற கை, ஒரு தகர மூடியைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூடியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள், சட்டியை மூடினாள், ஒரு தட்டுத் தட்டினாள். சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மகளிடம், "நேரமாச்சு, வா" என்றாள்.

தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன, ஒன்று மூடிக்கொண்டது. துறையில் அவள் படகேறும் பலகையின் முனைவரை நடந்தாள். மகள் படகில் ஏறியதும் சட்டியைக் கைமாற்றினாள். வேளைக்குச் சாப்பிடு என்றாள். வேறென்னவோ சொல்ல வைத்திருந்தது இன்ஜின் சத்தத்தில் மறந்துபோனது. அழவில்லை. படகு முழுசாக எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் கையசைத்தது கண்ணுக்கு எட்டுகிறவரை தெரிந்தது.

அன்று சாயங்காலம் படகு கனத்துப்போய் வந்தது. மீன் கூடைகளை இறக்கும்போது, இவ்வளவு எப்படி விழுந்தது என்று துறையில் கேட்டார்கள். நீரோட்டம் நல்லா இருந்துச்சு என்றார் மாமனார். ஆமாம், நீரோட்டம்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வலை காலியாக வந்திருந்தால் நீரோட்டத்தின் பேரை ஒருத்தரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மாமனார் வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"சட்டியக் கொஞ்சம் வெரசா அனுப்பச் சொல்லு."

யாரைச் சொல்லச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அனுப்ப ஆளில்ல மாமா" என்றாள் பெரியவள், மூடியைத் தட்டியபடி. "நீங்க முன்னால போங்க. நான் கொண்டு வர்றேன்."