உதடு ஒட்டாத பேர்

“உன் பேர்ல பாதிய வீட்டுல வச்சுட்டு மீதியோட பள்ளிக்கூடம் வரக் கூடாதா?”

ஒன்பதாம் வகுப்பில், வருகைப் பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு வாத்தியார் அவளைக் கேட்ட கேள்வி அது. வகுப்பே சிரித்தது. அன்று மத்தியானத்துக்குள் அவளுக்குக் ‘கூட்ஸ் வண்டி’ என்ற பட்டம் வந்துவிட்டது. போகிறது போகிறது, போய்க்கொண்டே இருக்கிறதாம் அவள் பேர்.

பட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு அப்புறம் வாத்தியார் செய்ததுதான் அநியாயம். பல நாள் அவள் பேர் வரும்போது நாக்கைச் சுளுக்கிக்கொள்வானேன் என்று தாண்டி அடுத்த பேருக்குப் போய்விடுவார். அவள் மூன்றாவது பெஞ்சில் முழு உருவமாக உட்கார்ந்திருப்பாள். கையைத் தூக்கி “நான் இருக்கேன் சார்” என்று சொன்னால் மறுபடி பேரைச் சொல்ல வேண்டும், மறுபடி சிரிப்பார்கள். அதனால் வாயே திறக்கவில்லை. வருடக் கடைசியில் பார்த்தால் அறுபத்து மூன்று நாள் வரவில்லை என்று இருந்தது. தேர்வு எழுத விடவில்லை. “வந்தவ வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?” என்றார் வாத்தியார், தான் குற்றமே செய்யாதவர் மாதிரி. “பேர் சொல்லக்கூட வாயில்லாதவளுக்குப் படிப்பு ஒரு கேடா?” என்றார் அந்தப் பேரை வைத்த அப்பா. அத்தோடு படிப்பு முடிந்தது.

பிறகு தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிற கடை. சட்டைப் பைகளில் பிள்ளைகளின் பேரை எம்ப்ராய்டரி போடுவது அவள் வேலை. கடையில் யாரும் அவள் பேரைக் கேட்டுச் சிரமப்படவில்லை. ‘பாக்கெட்’ என்று வைத்துவிட்டார்கள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேர்கள் அவள் ஊசிக்கடியில் போயிருக்கும். எந்தப் பேர் பைக்குள் அடங்கும், எது அக்குள்வரை ஓடும், எந்தப் பேரை அளவு கொடுக்க வந்த அம்மாவே இரண்டாம் தடவை வேறு மாதிரி எழுதித் தருவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அதனால் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலேயே முடிவு செய்துவிட்டாள். மூன்றே எழுத்து. கால் கிடையாது, கொம்பு கிடையாது. கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கிற அக்கா எப்போதும் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டேதான் பேசுவாள். அவளிடம் போய், “அக்கா, ஊசிய எடுக்காம இந்தப் பேரச் சொல்லுங்க பாப்போம்” என்றாள்.

அக்கா சொன்னாள். ஒரு ஊசிகூட அசையவில்லை.

“உதடே ஒட்டல பாரேன்! யாருக்குடி இந்தப் பேரு?”

“பொண்ணு பொறந்தா.”

“பையன் பொறந்தா?”

“அதுக்கு அவங்க வீட்டுல பாத்துக்கட்டும்.”

பெண்தான் பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் பதிவேட்டுக் கதையை முதன்முதலாகக் கணவனிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். தினம் நாற்பது வாசலில் நின்று பேர் வாசிக்கிறவனுக்குப் புரியாதா என்ன? “நீ சொல்ற பேர்தான். சத்தியமா” என்று அவள் தலையில் கை வைத்தான்.

அவள் விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பினாள். பட்டன் பட்டனாக எழுத்து. அவனிடம் கொடுத்து அனுப்பினாள். நாலு நாள் கழித்துப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து தொட்டில் ஓரத்தில் வைத்தவன், முகத்தைக் காட்டாமல் கால் கழுவப் போய்விட்டான்.

சான்றிதழில் பேர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய், இடம் போதாமல் கீழே மடங்கியிருந்தது.

“என்னங்க இது?”

“போற வழியில அக்கா வீட்டுல ஒரு டீ குடிச்சேன்...” குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினான். “அவதான் வேற ஃபாரம் எழுதினா. அம்மாவும் அங்கதான் இருந்தாங்க. தம்பி போன்ல இருந்தான். நான் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்.”

கையெழுத்து மட்டுந்தானாம்! தலையை வெட்டினேன், கழுத்தைத் தொடவில்லை என்கிற மாதிரி.

அந்தப் பேரில் மாமியாரின் அம்மா இருந்தாள். பெற்ற இரண்டும் பையனாகப் போய்விட்ட கணவனின் அக்கா, அவளுடைய அண்ணி, மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பேர் இருந்தது. கொழுந்தனுக்குப் பிடித்த புதுப் பேர் ஒன்று இருந்தது. கடைசியில் மாமனார் பேரின் வால். வீடு கட்டுகிற மாதிரி ஆளுக்கு ஒரு செங்கல் வைத்திருந்தார்கள். பெற்றவளுக்கு மட்டும் அதில் ஒரு கூழாங்கல்கூட இல்லை.

மறுநாள் காலை பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசிக்கத் தொடங்கி, பாதியில் மூச்சு வாங்கி நிறுத்தினாள்.

“இது ஒரு ஆளா, ஊர்வலமாம்மா?”

“மாத்தணும்.”

“ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். இன்னிக்கே கொண்டாந்தா சுலபமா முடிச்சிடலாம், மாசக் கணக்கு இன்னும் மேலாபீசுக்கு அனுப்பல. அஞ்சு மணிக்குச் சாத்திருவோம்.”

அவள் வீட்டுக்கு வந்தபோது கணவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மாமியார் பரிமாறிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவிலிருந்து அண்ணியும் வந்திருந்தாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அவள் பேர் மாற்றும் விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொண்டுபோய்க் கணவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன பேப்பர் அது?” என்றாள் அண்ணி.

“உங்க தம்பி கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர்.”

அண்ணி எட்டிப் பார்த்தாள். முகம் மாறிற்று. “நாலு பேர் சேந்து ஆசையா வச்ச பேரு. அதுல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

“கொறையல அண்ணி. கூடிப் போச்சு.”

“பாத்தியாம்மா, வாய!” அண்ணி தாராளமாகக் கையை விரித்தாள். “உனக்கும் ஒரு பேர் வேணும்னா அதையும் கடைசில ஒட்டிக்கோயேன். யாரு வேணாங்கறா?”

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. இந்த வீட்டில் அவள் இதுவரை உரக்கப் பேசியதில்லை. இப்போது வந்த குரலைக் கேட்டுக் கணவனே சோற்றில் கையை நிறுத்திவிட்டான்.

“சரி. பேர் வச்சவங்கதானே? சொல்லுங்க. முழுப் பேரும். விடாம, முன்ன பின்ன மாத்தாம ஒரே ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா இந்தப் பேப்பர நானே கிழிச்சுப் போடறேன்.”

“இது பெரிய வித்தையா?” அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். தன் மகளுக்கென்று வைத்திருந்த பேரை மணி அடித்த மாதிரி சொன்னாள். அடுத்து வாய் திறப்பதற்குள் மாமியார் கரண்டியோடு திரும்பினார்.

“ஏய், எங்கம்மா பேருல்ல முன்னால வரும்?”

“அது... நடுவுலம்மா. சேத்துப் படிக்க நல்லாருக்கும்னு...”

“முன்னாலதான் போடறேன்னு சொன்னியேடி! நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? கண்ணாடி இல்லாதவன்னு எங்கிட்டயே வேலையக் காட்டுனியா?”

“நடுவுல இருந்தா பாட்டி கோச்சுக்குமா இப்ப?”

“சின்னவன் சொன்ன பேரு எங்க? அதுக்கப்புறமா?” என்றார் மாமியார்.

“அதுக்கு முன்னால. இல்ல, பின்னால. இருங்க, கொழப்பாதீங்க!”

“மேல சொல்லுங்க அண்ணி” என்றாள் அவள். “காத்திருக்கேன்.”

அண்ணி தொடங்கினாள், இடறினாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் தடவை மாமனார் பேரின் வாலே காணாமல் போயிற்று. மாமியாருக்குத் தன் அம்மா பேரைத் தவிர மற்றது எதுவும் ஞாபகம் இல்லை. அதை மட்டும் கோபமாக இரண்டு தடவை சொன்னார்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க?”

“என்ன எதுக்கு இழுக்கற?”

“பெத்த அப்பன் நீங்கதானே? ஊருல உள்ளவன் பேரெல்லாம் வாசல் வாசலா வாசிக்கறீங்க. உங்க பொண்ணு பேர ஒரு தடவ சொல்லுங்க.”

அவன் சொன்னான். இரண்டாவது செங்கல்லிலேயே நின்றுவிட்டான்.

“ஆஸ்பத்திரில எந்தலைல கைய வச்சு என்ன சொன்னீங்க? வேற யார்கிட்டயும் சொல்லாததச் சொல்லி அழுதேனே, அதக் கேட்டுட்டு ஒரு டீக்கு வித்துட்டு வந்துட்டீங்களே! நாளைக்கு எவனோ ஒருத்தன் வாய் வலிக்குதுன்னு எம்பொண்ணத் தாண்டிப் போவான். அப்ப இவங்கள்ல யாரு பள்ளிக்கூடத்துக்கு வந்து நிப்பா? அண்ணி வருவாங்களா? போன்லயே பேர் வச்ச உங்க தம்பி வருவாரா?”

சத்தத்தில் பிள்ளை விழித்து அழுதது. மாமியார் தொட்டிலை ஆட்டிக்கொண்டு “பாப்பா, பாப்பா” என்றார். அதைத் தவிர அந்தப் பிள்ளையைக் கூப்பிட அந்த வீட்டில் அவர்களிடம் வேறு சொல் இல்லை.

கணவன் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், நின்றபடியே கையெழுத்துப் போட்டான். ஈரம் பட்டு மை கொஞ்சம் கசிந்தது.

“ரெண்டு பேரும் சேந்துகிட்டு எங்கள அசிங்கப்படுத்தறீங்க” என்றாள் அண்ணி. “போட்ட கையெழுத்த மாத்தறவன் ஒரு ஆம்பளையா?”

“நீ சும்மா இருடி. எங்கம்மாவ நடுவுல தள்ளினவ” என்றார் மாமியார்.

அவன் தாளைப் பிடித்தபடி அவளிடம் குழைந்தான். “கோவப்படாத. இந்த வெயில்ல பச்சப் புள்ளயோட மறுபடி எங்க அலைவ? சாயங்கால ட்ரிப் அந்தப் பக்கந்தான். நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன். என்னை நம்ப மாட்டியா?”

அவள் அவன் விரல்களிலிருந்து தாளை உருவினாள். ஈரம் பட்ட இடத்தை முந்தானையால் ஒற்றி, நாலாக மடித்து, பிள்ளையைச் சுற்றிய துணிக்குள் செருகினாள். மாமியாரின் கையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கினாள். “கேக்கறேன்ல, பதில் சொல்லு” என்று அவன் பின்னாலேயே வாசல்வரை வந்தான்.

மணி மூன்றே முக்கால். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.