நின்ற இடத்தில் நல்ல வண்டி

பெரியண்ணன் வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மறுபடி மிதித்தார். என்ஜின் குறையொன்றும் இல்லாமல் உறுமி அடங்கியது. துக்கம் கேட்க வந்து தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களை ஜன்னல் வழியே பார்த்து, "கேட்டீங்கல்ல? எங்கயாவது திக்குதா? வண்டி தங்கமாட்டம் இருக்கு. அவளுக்கு ஓட்டத் தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

அவள் என்றது தம்பி மனைவியை. முந்தின நாள் சாயங்காலம் சின்னண்ணனுக்கு நெஞ்சுவலி வந்ததும், அவரை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் மேட்டுச் சாலையில் வண்டி இழுக்காமல் உதறி நின்றது. கிளப்பினாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. போய்ச் சேர்ந்தபோது அவருக்கு உயிர் இல்லை. ராத்திரியே பெரியண்ணன் போய்க் காரை மட்டும் ஓட்டிவந்துவிட்டார். உடலை வாங்கிவர அவள் அங்கே காத்திருக்க, இங்கே தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அம்மா நேற்றிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. தன் பிள்ளையை நடுரோட்டில் வைத்துக் கொன்றுவிட்டாள் என்பதுதான் ஒரே பாட்டு.

கடைக்குட்டி இதையெல்லாம் ஆத்திரத்தோடு கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டில் கடைசியாகப் பிறந்தவள். நாற்பதை நெருங்கியும் அந்தப் பெயர் போகவில்லை. கார் பட்டறை வைத்திருப்பவள். வண்டி லேசாகத் தயங்குகிறது என்று சின்னண்ணன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது, பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னாள். அண்ணன் தந்த வண்டி, குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று சிரித்து மழுப்பிவிட்டார். யார் மனமும் நோகக் கூடாது அவருக்கு. செத்துப்போனவர் மீதும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட மோசம், அண்ணியே போனில், "கிளட்ச சரியா விட்டேனான்னு எனக்கே தெரியல" என்று சொன்னது. இன்னும் நாலு பேர் சொன்னால் தன் கையால்தான் அவர் போனார் என்று நம்பியே விடுவாள். அப்புறம் அவள் பிழைப்பதெப்படி?

நிறுத்தி வைத்து உறுமவிட்டு டர்போ வண்டியைச் சோதிக்கிறாராம்! பாரம் இழுக்கும்போதுதான் டர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். பிளக்கில் வரும் தீப்பொறியில் பலமில்லை என்றால் அந்த அழுத்தத்தில்தான் அது அணையும். வாசலில் நிற்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

அவள் போய்க் கதவைத் திறந்து, பெரியண்ணனைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொன்னாள். அவர் பேச்சுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த மாமாவைப் பின்னால் ஏறச் சொன்னாள். உடல் வருகிற நேரத்தில் என்ன சவாரி என்று மாமா முணுமுணுத்தார். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து ஏறிக்கொண்டார்.

என்ஜினை அணைத்துவிட்டு, கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினாள். மீட்டரில் எல்லா விளக்குகளும் எரிந்தன. என்ஜினில் கோளாறு என்று காட்டும் மஞ்சள் விளக்கு மட்டும் எரியவில்லை. கெடாத வண்டியிலும் சாவி திருப்பினால் அது ஒருமுறை எரிந்தாக வேண்டும். இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். பெரியண்ணன் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமதரையில் கார் சமர்த்தாக ஓடியது. நான் சொல்லவில்லையா என்பதுபோல் அவர் தொண்டையைச் செருமினார். மேட்டில் ஏறும்போது அவள் காலை அழுத்தினாள். விக்கல் எடுத்த மாதிரி வண்டி உதறியது. இன்னும் அழுத்தினாள், உதறல்தான் கூடியது, வேகம் கூடவில்லை. கியரைக் குறைத்தாள். அப்போதும் அதே கதை. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்து, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கும் ஓட்டத் தெரியலயா, மாமா?"

மாமா பெரியண்ணனைப் பார்த்தார்.

"அந்த பல்ப யாரு புடுங்கினது?" என்று பெரியண்ணனைக் கேட்டாள்.

"சும்மா சும்மா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கண்ண உறுத்துச்சு. கழட்டிப் போடச் சொன்னேன்."

"எங்கிட்ட வந்திருக்கலாமே?"

"உங்கிட்ட வந்தா ஒண்ணுக்குப் பத்து குத்தம் சொல்லுவே."

தம்பிக்குக் கொடுக்கும்போதாவது சொன்னாரா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லிடாத. அவங்களுக்கு இனிமே நான் ஒருத்தன்தான். அவ எப்படியும் அவ அப்பா வீட்டுக்குப் போயிடுவா. நாலு நாள் பேசிட்டு மறந்துடுவாங்க" என்றார்.

ஓங்கி அறைந்துவிடுவோமோ என்று கடைக்குட்டிக்கே பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவள், "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

வண்டியைத் திருப்பினாள். இறக்கத்தில் அது மறுபடி நல்ல பிள்ளையாக ஓடியது. அந்தச் சத்தமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவர்கள் வீட்டு வாசலில் இறங்கும்போதே பின்னால் ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து அண்ணி இறங்கினாள். அவள் கால் தரையில் படுவதற்குள் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, அவளுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வேதனை தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டாள். அண்ணி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

டிரைவரும் அவருடைய உதவியாளரும் ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். பெரியண்ணன் அழுதபடி தலைமாட்டுக் கைப்பிடிக்குப் பாய்ந்தார். கடைக்குட்டி குறுக்கே வந்து அவர் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தாள்.

"நீ தூக்காத."

தெருவே திரும்பிப் பார்த்தது. "கூடப் பொறந்தவன் தூக்காம வேற யாருடி தூக்குவா?" என்றாள் அம்மா.

"ஏன்னு அவரையே கேளும்மா."

பெரியண்ணன் மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் உதவி வராது என்று தெரிந்ததும் அவர் தோள்கள் தொங்கின.

"வண்டி ஏற்கெனவே கெட்டிருந்துச்சும்மா. எங்கிட்ட இருக்கும்போதே. எனக்குத் தெரியும். அவ மேல தப்பில்ல."

அம்மா வேன் கதவருகே நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலாவது கைப்பிடியைப் பிடிக்கக் கடைக்குட்டி குனிந்தாள். அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அதை இரண்டு கைகளாலும் பற்றித் தூக்கினாள்.

"படி இருக்குங்கம்மா, பாத்து" என்றார் டிரைவர்.