இரண்டு ரயில்களுக்கு நடுவே

மாலை ஐந்து மணிக்கு இரவல் கருவி திரும்பிப் போய்விடும். அதற்குள் கோடுகள் விழாவிட்டால் ஷோபனாவின் மூன்றாண்டு ஆய்வு பாதியில் நின்றுவிடும். இப்போதே மணி இரண்டு.

கருவி பார்ப்பதற்கு எளிமையானது. ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர். அதன்மேல் சில துளி கொழுப்புக் கரைசல். நம் நுரையீரலில் இருக்கும் கொழுப்புதான். கரைப்பான் ஆவியானதும் மூலக்கூறுகள் தலையைத் தண்ணீரில் நனைத்து, வாலை மேலே நீட்டி, ஒற்றை அடுக்காக நிற்கும். ஏடு ஏடாக உரியும் மைக்கா என்னும் அபிரகத் தகட்டைத் தண்ணீருக்குள் வைத்து மேலே இழுத்தால் அந்த அடுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வரும்போதே அதில் தலைமுடியின் அகலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான கோடுகள் உண்டாக வேண்டும். நரம்புச் செல்கள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நேராக வளருமா என்று பார்ப்பதே அவள் ஆய்வு.

கல்லூரி ஆவடி ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் தொட்டித் தண்ணீர் நடுங்கியது. அதனால் அடுக்கு கலைந்துவிடும் என்று பயந்து, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று மெதுவாக இழுத்தாள். பதினொரு தகட்டிலும் கோடே இல்லை.

ஆய்வக உதவியாளர் கஜபதி எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இதுவும் புட்டுக்கிச்சா?"

"ரயில்தான் அண்ணா காரணம்."

"ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவுல அஞ்சு நிமிசம் கேப்பு கீது. நீங்க இருபது நிமிசம் இழுத்துகினு கீறீங்க. திருப்பதிக்கே போய்டலாம்! கேப்புல சட்டுனு இழுக்கறது?"

"வேகமா இழுத்தா அடுக்கு கிழிஞ்சிடும்."

"மெதுவா இழுத்து இன்னா கிழிச்சோம்?"

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேகத்தை அறுபது மடங்கு கூட்டினாள். கஜபதி ஜன்னலோரம் நின்றார்.

"லோக்கல் போய்கினு கீது... போய்ட்ச்சி... தண்ணி நின்னுச்சா? இழும்மா!"

இருபதே விநாடி.

அணுவிசை நுண்ணோக்கியின் ஊசி, விரலால் தடவுவதுபோல் தகட்டைத் தடவிப் பார்த்தது. திரையில் வரிவரியாகப் படம் இறங்கியது. கோடுகள்! சீப்புப் பற்கள்போல் இணையாக.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக இழுத்தால் தண்ணீரின் விளிம்பு எங்கும் தங்காமல் தகட்டில் வழுக்கிச் செல்லும். அடுக்கு ஒரே சீராகப் படியும். வேகமாக இழுத்தால் விளிம்பு ஒட்டும், நழுவும், மறுபடி ஒட்டும். ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு கோடு. ரயிலுக்குப் பயந்து குறைத்த வேகம்தான் இத்தனை நாளும் கோடுகளைத் தடுத்திருக்கிறது.

"ஒண்ணு போதாதுண்ணா. இன்னும் ரெண்டு தடவையாவது இதே மாதிரி வரணும்."

கஜபதி ஏற்கெனவே பழைய தகடு ஒன்றில் செல்லோ டேப்பை ஒட்டி, மேல் ஏட்டை உரித்துப் புதிதாக்கிக்கொண்டிருந்தார்.

"தொட்டிய கழுவுங்க மேடம். திருவள்ளூர் வண்டி போவட்டும்."