அடித்து எழுதிய வரி

துறைமுகத் தொழிலாளர் சேமநிதி அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலில் இருந்தவரைப் ‘பூட்டு’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. நிறுத்தி வைத்த பணத்தை உரியவர்களுக்கு விடுவிப்பதுதான் அவர் வேலை. ஆனால் படிவத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் கோப்பு வந்த வழியே திரும்பிப் போகும். “வீட்டுச் செலவுக்குக் கேட்டாக்கூட மூணு பிரதி எழுதிக் குடுக்கணும்” என்று அவர் மனைவியே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், போலிக் கையெழுத்தை நம்பி, ஒரு விதவைக்குச் சேர வேண்டிய பணத்தை அவளுடைய மைத்துனனுக்கு விடுவித்துவிட்டார். போனது போனதுதான். அவள் மூன்று மாதம் தினமும் வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பார்.

ஒருநாள் காலை ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளின் கணவன் சரக்குக் கப்பலில் எந்திரம் பார்த்தவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் கப்பல் புயலில் மூழ்கியது. பதினோரு பேரில் நான்கு பேர் பிழைத்துக் கரையேறினார்கள். ஆறு உடல்கள் கிடைத்தன. இவன் இரண்டு கணக்கிலும் சேரவில்லை. இத்தனை காலம் தகவல் இல்லாததால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்துவிட்டது. அவன் எழுதிக் கொடுத்திருந்தபடி பணத்தில் பாதி மனைவிக்கு, பாதி தாய்க்கு. இருவரும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நகரும்.

மருமகள் போட்டுவிட்டாள். மாமியார் பேனாவை வாங்கிக்கொண்டு, தாய் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, “என்ன எழுதியிருக்கு, படிங்க தம்பி” என்றாள்.

“இறந்துபோன என் மகனின் கணக்கில் உள்ள தொகையை விடுவிக்கக் கோருகிறேன்.”

அவள் பேனாவை மூடிப் பலகையில் வைத்தாள். “அவன் செத்ததை நான் பாக்கலையே.”

“கோர்ட்டே சொல்லிடுச்சும்மா.”

“கோர்ட்டா பெத்துது?”

மருமகள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். “எம் பொண்ணுக்குக் காதுக்குள்ள சீழ் வெச்சு எலும்பை அரிக்குது சார். இந்த மாசம் ஆபரேஷன் பண்ணலேன்னா அந்தக் காது போயிடும்னுட்டாங்க. அத்தைக்கும் தெரியும்.”

“தெரியாம என்ன. வர்ற பணம் முழுசும் பிள்ளைக்கே ஆகட்டும், எனக்குக் காலணா வேண்டாம்” என்றாள் மாமியார். “அந்த வார்த்தைக்குக் கீழ மட்டும் கையெழுத்துக் கேக்காதீங்க தம்பி. போட்டா நானே குழி வெட்டின மாதிரி.”

அவர் கோப்பை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். மேலாளர் நிமிரக்கூட இல்லை. “அச்சடிச்ச படிவத்துல கை வெச்சா தணிக்கையில மாட்டிப்போம். அந்தம்மா மனசு மாறினதும் வரட்டும்.” வேறு நாளாக இருந்தால் பூட்டு இதையேதான் சொல்லியிருப்பார்.

திரும்பி வரும்போது பெஞ்சைப் பார்த்தார். மருமகள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாமியார் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விதிப் புத்தகத்தை எடுத்தார். நீதிமன்ற உத்தரவு வேண்டும், அடையாளம் வேண்டும், கையெழுத்து வேண்டும். ‘இறந்துபோன’ என்று தாய் சொல்ல வேண்டும் என எங்குமே இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ அச்சுக்குக் கொடுத்த வாசகம், அவ்வளவுதான். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு அவர்களைக் கூப்பிட்டு, அளவுகோலை வைத்து அந்தச் சொல்லை அடித்தார். மேலே எழுதிக்கொண்டே வாசித்தார்: “கடலுக்குப் போய்த் திரும்பாத என் மகனின்...”

“இன்னும்” என்றாள் மாமியார்.

“என்னம்மா?”

“இன்னும் திரும்பாதன்னு எழுதுங்க.”

பிறகு அந்தச் சொல்லையும் சேர்த்து, ஓரத்தில் தன் சுருக்கொப்பம் போட்டார். அவள் எழுத்தெழுத்தாகக் கையெழுத்திட்டு, மை காயட்டும் என்று ஊதிவிட்டுக் கொடுத்தாள்.

நான்காம் நாள் பணம் போய்ச் சேர்ந்தது. சிறுமிக்கு ஆபரேஷன் நடந்தது. வலது காது சற்று மந்தம்தான், ஆனால் கேட்கிறது என்று மருமகள் ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தணிக்கையும் சும்மா விடவில்லை. விளக்கம் கேட்டார்கள், விதியைக் காட்டி எழுதினார். வாசகம் சரியாக இருக்கலாம், திருத்த உமக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. ஒரு வருஷச் சம்பள உயர்வு நின்றது.

அன்று மாலை அந்தக் கடிதத்தை மனைவி வாங்கிப் படித்தாள். “ஒரே ஒரு வார்த்தைக்கா?”

“ஒண்ணை அடிச்சு நாலு எழுதினேன்.”

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, “அந்தப் பையன் வருவான்னு அந்தம்மா நெஜமாவே நம்புறாங்களா?” என்று கேட்டாள்.

“தெரியலை. நான் கேக்கலை.”

“நீங்க?”

வர மாட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, சாப்பாடு போடச் சொன்னார்.