அரையங்குலம் கூட

வெள்ளம் வடிந்த பத்தாம் நாள், தெருவின் பதினெட்டுக் குழந்தைகளும் சதைப்பிடிப்போடு இருப்பதாகத் தாளில் ஏறிவிட்டது. தெருவே பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்து, முகம் தெரிகிற கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளத்தால் சதை போடும் என்று அன்றுதான் கேள்விப்பட்டோம்.

அளந்தவர் தையல்காரர். நான்கு தெருவுக்கும் ஒரே நர்ஸம்மா. நாடா பிடிக்கத் தெரிந்தவராயிற்றே என்று வேலையை அவர் தலையில் கட்டியிருந்தாள். குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்க வேண்டும். ஐந்து அங்குலத்துக்குக் குறைந்தால் சத்துமாவு உண்டு. அவ்வளவுதான். மனிதர் காதில் பென்சில் செருகிக்கொண்டு கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிரச்சினை அவர் பெண்டாட்டிக்குத்தான். இரண்டு வயதுச் சின்னவளைத் தூக்கினால் தலையணையைத் தூக்கின மாதிரி இருந்தது. உடுப்பைப் பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வீட்டில் யாருக்கும் என்றைக்கும் உடுப்பு இறுக்கிப் பிடித்ததில்லை. தெருவில் அவருக்கு 'அரையங்குலம்' என்று சும்மாவா பெயர் வைத்தோம்? எந்த அளவுக்கும் ஓர் அரை அங்குலம் கூட்டித் தைப்பது அவர் சாஸ்திரம். அவள் கல்யாணச் சட்டைக்குள் இன்னொருத்தி குடியிருக்கலாம்.

அதை நினைத்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. சத்துமாவு கொண்டுவந்த வண்டி பள்ளிக்கூட வாசலில் கிளம்ப நின்றது. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இவளுக்கு எவ்வளவு எழுதினீங்க?"

"அஞ்சேகால்."

"இப்ப சுத்துங்க. நாடா என்ன சொல்லுது?"

அவர் சுற்றினார். "நாலேமுக்கால்."

"மிச்சம் அரை எங்கேருந்து வந்துச்சு?"

"வளர்ற புள்ளையாச்சே," என்றார் அவர் பொறுமையாக. "நாளைக்குப் பிடிக்கக் கூடாதில்ல?"

"இது கைங்க. சட்டை இல்ல."

மனிதருக்கு உறைக்கச் சற்று நேரமானது. காதிலிருந்த பென்சில் தானாக விழுந்தது. முப்பது வருஷமாக அளவு தப்பாதவன் என்று நர்ஸம்மாவிடம் காலையில்தான் அளந்திருந்தார். இப்போது எந்த முகத்தோடு போவது என்று முனகினார். அவள் எழுந்தாள். கழுத்தில் தொங்கிய நாடாவைப் பிடித்து, மாட்டை ஓட்டிப் போகிற மாதிரி வண்டிக்கு இழுத்துப் போனாள்.

நர்ஸம்மா திட்டவில்லை. பதினெட்டு வரியிலும் அரை அரையாக அடித்துக் குறைத்தாள். பதினொரு பிள்ளைகள் ஐந்துக்குக் கீழே இறங்கினார்கள். பொட்டலங்களும் வண்டியிலிருந்து இறங்கின. அன்று முழுக்கத் தையல்காரர் கரும்பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தெரு சிரிக்காமல் இருக்குமா?

சாயங்காலம் சின்னவளுக்கு மாவு கரைக்கும் வேலையை அவரிடமே கொடுத்தாள். வேளைக்கு மூன்று கரண்டி என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. தலை தட்டி மூன்று போட்டவர், கரண்டியை மறுபடி உள்ளே விட்டு, பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"போடுங்க," என்றாள். "உங்க அரை இங்கதான் வேணும்."