சுவர் நிறைய வரட்டி

லோகநாயகிக்கு முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இரண்டு கையும் வலித்தது. மாவாட்டியோ துணி துவைத்தோ வந்த வலி என்றால் இரண்டு நாளில் போய்விடும். இது சும்மா கிடந்து வந்த வலி. ஒன்பது வயது மகன் இளங்கோ மூளைக்காய்ச்சலில் செத்துப்போன ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான். ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் டாக்டர், "மனசத் தேத்திக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். புருஷன் சண்முகசுந்தரம் அங்கே சார்ஜ்மேன். கும்பகோணத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் சைக்கிளை எடுத்துவிடுவார். ஓவர்டைமைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வீட்டுக்குள் இருக்க அவராலும் முடியவில்லை. லோகநாயகி கேஸ் அடுப்பில் ஒரு குக்கர் வைத்து இறக்கினால் அன்றைய வேலை தீர்ந்தது. மீதிப் பொழுதெல்லாம் கட்டில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை வாசல் தெளிக்கச் சாணி வேண்டியிருந்தது. பின்பக்கத்து மதில் இடிந்த சந்தில் நுழைந்தால் சேக்காட்டுப் பக்கம். அங்கே மதிலை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டு வேம்புலியம்மாள் இரண்டு எருமை வைத்திருந்தாள். லோகநாயகியைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன் திரும்பவில்லை. பால் ஊற்றியும் வரட்டி விற்றும் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சாணி வேணும். வாசல் தெளிக்க" என்றாள் லோகநாயகி.

வேம்புலி சிரித்துவிட்டாள். "எருமச் சாணிலயா வாசல் தெளிக்கப் போற? மூதேவி வந்து குந்திக்கும்க்கா. இது வரட்டிக்குத்தான்."

"அவ ஏற்கெனவே வந்து உக்காந்தாச்சு."

வேம்புலி சிரிப்பை நிறுத்தினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "சும்மா நின்னுகினு கீறியே, அந்த உமியத் தூக்கிக் கொட்டு" என்றாள்.

லோகநாயகி உமியைக் கொட்டினாள். கொட்டியவள் புடவையைச் செருகிக்கொண்டு குந்தி, சாணிக்குள் கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை மகள் அவள், சாணி பிசைந்து பழக்கமில்லை. பிசைந்தாள். உருண்டை பிடித்துச் சுவரில் ஒட்டினாள். சொத்தென்று கீழே விழுந்தது.

"இன்னாக்கா, சுவத்துக்கு வலிக்கும்னு தடவிக் குடுக்கிறியா? அறையணும்க்கா. உன் ஊட்டுக்காரர் மூஞ்சின்னு நெனச்சிக்கோ."

லோகநாயகி அறைந்தாள். முதல் இரண்டு அறை புருஷன் முகம். அப்புறம் டாக்டர் முகம். அப்புறம் வைத்தீஸ்வரன் கோயில் சாமி முகம். கூடை காலியாகும்வரை அறைந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியதைத் தோளில் துடைத்துக்கொண்டாள். வேம்புலி அடுத்த கூடையை அவள் பக்கம் தள்ளினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் படுத்தவள் மறுநாள் விடிந்து பால்காரன் மணி அடித்த பிறகுதான் எழுந்தாள். கை வலித்தது. வேலை செய்த வலி.

அப்புறம் தினமும் போனாள். சண்முகசுந்தரத்தின் சைக்கிள் முனை திரும்பியதும் சந்தில் நுழைந்துவிடுவாள். காய்ந்த வரட்டியைப் பெயர்த்து அடுக்குவாள். ஏரிக்கரையில் புல் அறுப்பாள். எருமைகளைத் தேய்த்துக் கழுவுவாள். இரண்டில் ஒன்று கொம்பு சுருண்ட சினை எருமை. அதற்குச் சுருட்டை என்று பேர். லோகநாயகி வயிற்றில் கை வைத்தால் அது நகராமல் நிற்கும். மத்தியானம் வேம்புலி ஊற்றும் கேழ்வரகுக் கூழை வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பாள். வீட்டில் ஒரு கவளம் இறங்காத தொண்டையில் இரண்டு சொம்புக் கூழ் இறங்கியது.

ஒரு நாள் வரட்டி தட்டிக்கொண்டே வேம்புலி கேட்டாள். "புள்ள பேரு இன்னாக்கா?"

"இளங்கோ."

"கறுப்பா, செவப்பா?"

"என்னாட்டம் கறுப்பு. முன்பல்லு ரெண்டும் அப்பதான் முழுசா மொளச்சு நின்னுச்சு." சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள். மகன் செத்த பிறகு அவன் பேரை அவளிடம் கேட்ட முதல் ஆள் வேம்புலிதான். மற்றவர்கள் அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

வரட்டியில் தட்டியவள் கை பதிந்திருக்கும். லோகநாயகியின் சுண்டுவிரல் கோணல். வாங்க வந்த டீக்கடைக்காரரிடம் வேம்புலி பெருமையாகக் காட்டினாள். "இந்தக் கோண வெரலு எங்க குவார்ட்டர்ஸ் அக்கா போட்டது. நல்லா நின்னு எரியும், பாரு அண்ணாத்தே."

அந்தப் பேச்சு டீக்கடையிலிருந்து ஃபேக்டரி கேட்டுக்குப் போயிற்று. கூட வேலை செய்யும் கலியமூர்த்தி நாலு பேர் நடுவில் கேட்டான். "இன்னா சார், ஊட்ல கேஸ் தீந்துடுச்சா? அம்மா வரட்டி தட்றாங்களாமே?"

சண்முகசுந்தரம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "புள்ள போனப்ப ஊரே நமக்காகப் பரிதாபப்பட்டுச்சு லோகா. இப்ப சிரிக்குது."

"சிரிக்கட்டுங்க. எனக்குத் தூக்கம் வருது."

அவர் மறுநாள் குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் எஸ்டேட் ஆபீசில் போய், பின்மதில் முழுக்கச் சாணியாக இருக்கிறது, சுத்தம் செய்யுங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தார். அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். பின்னால் ஒரு லாரி. லோகநாயகியின் கை நிறையச் சாணி. முதலில் சுவரைச் சுரண்டினார்கள். பாதி காய்ந்த வரட்டியெல்லாம் மண்ணில் விழுந்தது. கொட்டகை ஃபேக்டரி நிலத்தில் நிற்கிறது என்று அதையும் சாய்த்தார்கள். பிறகு பட்டியில் அடைக்க எருமைகளை அவிழ்த்து, லாரியில் சாத்திய பலகைக்கு இழுத்தார்கள்.

"யோவ், சுருட்டை நெற சினையா கீதுய்யா! பலகை மேல ஏத்தாதய்யா!" வேம்புலி கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். ஒருவன் வாலை முறுக்கினான். எருமை பாதிப் பலகையில் வழுக்கி, முன்காலை மடித்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. வேம்புலி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

லோகநாயகி ஓடப் பார்த்தாள். மேஸ்திரி குறுக்கே வந்தான். "நீ குவார்ட்டர்ஸ் அம்மாதானே? உள்ள போம்மா. உங்க சார்தான் வந்து சொன்னாரு, நீ இன்னாத்துக்கு இங்க நிக்கிற?"

எருமை போட்ட கத்தலில் வேம்புலி காதில் அது விழவில்லை.

சாயங்காலம் பூந்தமல்லியிலிருந்து கசாப்புக்காரர் வந்து சுருட்டையை ஏற்றிக்கொண்டு போனார். வயிற்றுக் கன்றோடு.

வீட்டில் சண்முகசுந்தரமே சோறு போட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்தார். "சுவத்தத்தான் லோகா சுத்தம் பண்ணச் சொன்னேன். எருமை இருக்கிற நெனப்பே எனக்கு இல்ல." வைத்த தட்டைத் திரும்ப எடுத்து இன்னும் ஒரு கரண்டி போட்டார். மகனைக் குழியில் இறக்கிவிட்டு வந்த அன்றைக்கும் அவர்தான் அவளுக்குச் சோறு போட்டார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதில் இடிந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அதற்குள் லோகநாயகி நுழைந்துவிட்டாள். முந்தானையில் இரண்டு தங்க வளையலை முடிந்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கொடுப்பதாகத்தான் வந்தாள். வேம்புலி அண்டாவைக் கவிழ்த்துத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அபராதம் கட்டி மீட்ட இன்னொரு எருமையையும் விற்றாயிற்று. நசரத்பேட்டையில் தங்கச்சி வீடு, அங்கே சித்தாள் வேலை.

"உள்ள கீறவன் எவனோதான் வத்தி வெச்சிக்கிறான். எவன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

லோகநாயகி அவளைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அக்கா என்று கூப்பிடும் அந்த வாய் இனி வேறு மாதிரி கூப்பிடும் என்று தோன்றியது.

"தெரியலடி" என்றாள்.

முடிச்சை அவிழ்த்து வளையலை நீட்டினாள். வேம்புலி பின்னால் நகர்ந்துகொண்டாள். "ஐயே, இன்னாத்துக்குக்கா இது? நீ இன்னா தப்புப் பண்ண? உள்ள வையி. புள்ளைய நெனச்சுகினு மறுபடியும் கட்டில்ல படுத்துக் கெடக்காத. எங்கனா மாடு கீற ஊடாப் பாத்து, போயி ஒத்தாசை பண்ணு."

மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டது லோகநாயகிதான்.

ஏழெட்டு வருஷம் கழித்துச் சண்முகசுந்தரம் வானகரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். அவரே போய் ஒரு பசுவும் வாங்கி வந்து கட்டினார், அவள் கேட்காமலே. லோகநாயகி அதைக் கறக்கிறாள், கழுவுகிறாள், காம்பவுண்டுச் சுவரில் வரட்டி தட்டுகிறாள். ஒரே ஒரு தடவை நசரத்பேட்டைக்கு பஸ் ஏறிப் போனாள். ஒரு கட்டடத்தில் வேம்புலி செங்கல் சுமந்து படியேறிக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. லோகநாயகி எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

வேம்புலியம்மாளுக்கு அவள் ஒரு சினை எருமை தர வேண்டும். இன்றைக்கு வரைக்கும் தரவில்லை.