ஒத்திகை பார்த்த தப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது திருடிய கதை. எங்கள் மோன்சே ஊர்ப் பள்ளியில் மாதம் ஒருமுறை ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார். மற்ற ஆசிரியர்கள் கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து பார்ப்போம். பிறகு மாமரத்தடியில் கூடிப் பேசுவோம். அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதுகிறவன் நான். குறிப்பில் எழுதக்கூடாத சங்கதிகள்தான் ருசியானவை, அவை வீணாகப் போகின்றனவே என்ற வயிற்றெரிச்சலில் பிறந்தது இது.

தொடக்கம்:

சிபேகோ டீச்சர் மிகச் சிறந்த

(வேண்டாம். சோப்புப் போடுவதுபோல் இருக்கிறது.)

சிபேகோ டீச்சர் சுத்த மோசமான

(ஐயோ. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.)

சிபேகோ டீச்சருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தப்பு.

ஆ, இது நடக்கும்.

2

ஏன் தப்பு? மூத்த ஆசிரியர் பதவி ஒன்று காலியாக இருந்தது. சிபேகோ ஏழு வருடமாக அதற்குக் காத்திருக்கிறார். அந்த மாதம் பாடம் நடத்துவது அவர் முறை; பார்க்க வருவது மாவட்ட ஆய்வாளர் ஹபீன்சு. அவருடைய பலவீனம் ஊருக்கே தெரியும். ஒரு பிள்ளை தப்பு சொல்லவேண்டும், டீச்சர் திட்டாமல் பொறுமையாகத் திருத்தவேண்டும். அதைப் பார்த்துவிட்டால் மனிதர் உருகிவிடுவார்.

தப்பை அதிர்ஷ்டத்துக்கு விடமுடியுமா? சிபேகோ இரண்டு நாள் ஒத்திகை நடத்தினார். ‘அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?’ என்று கேட்பார். லுயான்டோ என்ற சிறுமி எழுந்து ‘ஐந்தில் இரண்டு’ என்பாள். டீச்சர் புன்னகைத்து, பின்னத்தை விளக்கக் காகிதப் பட்டைகளை எடுப்பார். அவ்வளவுதான்.

[இடையில் ஒரு வார்த்தை: டீச்சரின் திட்டம் எனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, சுவர் மாதிரி ஒன்று. புன்னகையைக்கூட ஒத்திகை பார்த்தாரா என்றால், அது என் கற்பனை. ஆனால் பார்த்திருப்பார்.]

3

அன்றைக்கு ஹபீன்சு நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மதிப்பீட்டுப் படிவம். ஜன்னலுக்கு வெளியே பெற்றோர்கள். டீச்சர் கேள்வியைக் கேட்டார். லுயான்டோ எழுந்தாள்.

“ஆறுல அஞ்சு, மேடம்.”

சரியான விடை. டீச்சரின் முகம் வெளுத்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

“யோசிச்சுட்டேன் மேடம். ஆறுல அஞ்சு.”

“இல்ல… அவசரப்படாம, இன்னொரு வாட்டி…”

“தப்பாச் சொல்லணுமா மேடம்?” லுயான்டோ ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டாள். “நேத்தும் முந்தாநாளும் நான்தானே தப்பு சொன்னேன். இன்னிக்கு சோல்வே சொல்லட்டும். எங்கம்மா ஜன்னல்ல நிக்குறாங்க.”

“நான் ஏன்டி சொல்லணும்? எங்கப்பாவும்தான் வந்திருக்காரு!” என்றான் சோல்வே.

“உக்காரு” என்றார் டீச்சர்.

ஹபீன்சுவின் பேனா படிவத்துக்கு மேலே நின்றது.

4

இங்கேதான் எனக்குப் பாத்திரச் சிக்கல். ஹமூங்கா சாரை முதல் பிரதியில் வில்லனாக எழுதியிருந்தேன். அதே பதவிக்கு அவரும் மனு போட்டிருந்தாரே, வசதியாக இருந்தது. ஆனால் மனிதர் ஒத்துழைக்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி: பாடம் நடத்தியவர்தான் முதலில் பேசவேண்டும், தன் பாடத்தைப் பற்றித் தானே. போன மாதம் ஹமூங்காவின் முறை. பாதிக் கணக்கில் கரும்பலகையைப் பார்த்து நின்றுவிட்டு, “எனக்கே புரியலடா, யாருக்காவது தெரியுமா?” என்று பிள்ளைகளைக் கேட்டார். கூட்டத்திலும் எழுந்து, “எனக்குக் கணக்கு வரல. பிள்ளைங்க சொல்லிக் குடுத்துச்சுங்க, கத்துக்கிட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது சிபேகோ.

இப்போது மாமரத்தடியில், ஆய்வாளரும் உட்கார்ந்திருக்க, சிபேகோவின் முறை.

5

முடிவு அ: ‘பிள்ளை விளையாட்டாகச் சொன்னது ஐயா’ என்று டீச்சர் சமாளிக்கிறார். (லுயான்டோவைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசில்லை.)

முடிவு ஆ: டீச்சர் விம்மி விம்மி

(அழவைத்தால் நாளைக்கு வேலி தாண்டி வந்து என்னைக் கேட்பார்.)

ஆகவே, நிஜத்தில் நடந்தது:

சிபேகோ எழுந்தார். “அந்தப் பொண்ணு சொன்னது நெசம். ஒத்திகை பாத்தேன். தப்பைக்கூட நான்தான் எழுதிக் குடுத்தேன். அதவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு. அவளா விடையைக் கண்டுபிடிச்சிருக்கா. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு நான் கேக்கல. உக்காருன்னுட்டேன்.” ஹமூங்காவைப் பார்த்தார். “சார், நீங்களா இருந்தா கேட்டிருப்பீங்க.”

“கேக்காம?” என்றார் ஹமூங்கா. “எனக்குத்தான் விடை தெரியாதே, டீச்சர்.”

சிரிப்பு வெடித்தது. ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். ஹமூங்கா அதைப் பார்த்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம். எழுதறதுக்கு முன்னாடி… இங்க யாரெல்லாம் இந்த மாதிரி ஒத்திகை பாத்திருக்கோம்? கையத் தூக்குங்கப்பா. நான் ரெண்டு தூக்குறேன், எனக்கு அப்பவும் சரியா வரல.”

ஒரு கை எழுந்தது. மூன்றானது. ஏழானது. என் கை குறிப்பெழுதிக்கொண்டிருந்தது, வேறொன்றுமில்லை.

ஹபீன்சுவும் ஆய்வாளர் ஆவதற்கு முன்பு பதினெட்டு வருடம் வகுப்பெடுத்தவர். அவருடைய வலது கை பேனாவை விட்டுவிட்டு, முழங்காலிலிருந்து மெதுவாகக் கிளம்பியது. மூக்கில் கண்ணாடி சரிந்திருந்ததும் உண்மை. கை மார்பைத் தாண்டி, தாடையைத் தாண்டி

நான் இதற்குமேல் எழுதமாட்டேன். அந்தக் கை கண்ணாடியில் நிற்கிறதா, அதையும் தாண்டி மேலே போகிறதா என்பது இனி உங்கள் பாடு. சீக்கிரம் முடிவு பண்ணுங்கள். சிபேகோ டீச்சர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.